எட்மண்டன் கலர் லைற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

லிவர்பூல் ஸ்ரீற் நிலையத்தில் ரெயில் ஏறி வடக்கே வந்தால் அரை மணித்தியாலத்துக்குள் எட்மண்டன் கிறீன். இறங்கியதும் முதலில் கண்ணிற் படுவது கடைத் தொகுதிக்கு மேலே எழுந்து நிற்கும் மூன்று மாடிக் குடியிருப்புகள். கீழே கூரை போட்ட சந்தை. வெளியே பஸ் நிலையம். தெற்குப் பக்கம் ஃபோர் ஸ்ரீற், வடக்குப் பக்கம் ஹேர்ட்ஃபோர்ட் றோட், மேற்கே சேர்ச் ஸ்ரீற். நோர்த் சேர்க்குலர் வீதி ஃபோர் ஸ்ரீற்றுக்குக் கீழாலே சுரங்கமாகப் புகுந்து போகிறது. கிழக்கே லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே குப்பை எரிக்கும் ஆலையின் உயர்ந்த புகைபோக்கியும், 1913இல் திறந்த கிங் ஜோர்ஜ் நீர்த்தேக்கமும், 1951இல் திறந்த வில்லியம் கேர்லிங் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. இந்தத் தண்ணீரைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் எட்மண்டனை ஒரு வரலாறற்ற ஊர் என்று நினைத்துவிடுகின்றன. சேர்ச் ஸ்ரீற்றில் நாகபூசணி அம்பாளைக் கும்பிடப் போகும் எம்மவர்கள், அதே வீதியில் உள்ள ஓல் செயின்ற்ஸ் தேவாலய வளவில்தான் கட்டுரையாளர் சாள்ஸ் லாம்ப் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். 1834இல் அவர் இந்த ஊரில் காலமானார். கவிஞர் கீற்ஸ் சிறு வயதில் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகியதும் இதே சேர்ச் ஸ்ரீற்றில்தான்.

ஆனால் எட்மண்டனின் பெயரை ஆங்கிலேயர் வீடுகளில் எல்லாம் கொண்டு சேர்த்தது ஒரு குதிரை. 1782இல் வில்லியம் கூப்பர் எழுதிய ஜோன் கில்பின் பற்றிய வேடிக்கைப் பாடல் அது. துணி வியாபாரி கில்பின் தமது இருபதாவது திருமண நாளைக் கொண்டாட எட்மண்டனில் உள்ள ‘பெல்’ விடுதிக்குப் புறப்படுகிறார். மனைவி பிள்ளைகள் வண்டியில், அவர் இரவல் குதிரையில். குதிரை விடுதி வாசலில் நிற்காமல் பத்து மைல் தள்ளி வெயார் என்ற ஊர் வரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. திரும்பி வரும்போதும் நிற்கவில்லை. மனிதருக்குச் சாப்பாடும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை.

நிற்க மறுத்த வாகனம் கில்பினுடைய தொல்லை. எம்மவருடைய தொல்லை இதற்கு நேர் எதிரானது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை, சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் நூர்ந்துபோகிறது. “அண்ணை, ஓடேக்கை ஒண்டும் இல்லை. லைற்றிலை நிண்டாத்தான் நூருது” என்று சொல்லாத பொடியனை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இதை ஒரு சின்ன விடயமாக நாம் கருதவில்லை. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் வாங்குகிற முதலாவது வாகனம் பல வீடுகளில் ஒரு பழைய 125 தான். ஹொண்டா சி.ஜி. 125, அல்லது ஊரில் எல்லோருக்கும் பழக்கமான சி 90. இரவு பன்னிரண்டுக்குக் கடை பூட்டிய பின்னும், விடியற்காலை நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகும்போதும் ரெயில் இல்லை. கிறேற் கேம்பிறிஜ் றோட் நோர்த் சேர்க்குலரைச் சந்திக்கும் அந்தப் பெரிய சுற்றுவட்டத்தில், பச்சை விழுந்த கணத்தில் எஞ்சின் நூர்ந்தால் பின்னால் வருவது லொறி. லொறிக்காரன் பச்சையைப் பார்ப்பானே ஒழிய, கிக்கரை உதைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்க்க மாட்டான். வேலைக்கு இரண்டு தடவை பிந்தினால் மூன்றாம் தடவை வேலை இல்லை. கராஜில் விட்டால் ஒரு கிழமைச் சம்பளமே போய்விடும். பெரும்பாலும் இந்தக் கோளாறின் மூலம் ஒரு தலைமயிர் பருமனுள்ள துவாரம்தான்.

எம்மவருக்கு எஞ்சினோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் காரும் மொறிஸ் மைனரும் மோட்டார் சைக்கிளும் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போனோம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் சூடு இருந்தால்தான் எரியும். அதனால் எஞ்சினை ஆற விடக்கூடாது, சந்தியில் நின்றாலும் அக்சிலேற்றரைத் தளர்த்தக்கூடாது.

அந்தப் பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. நூருகிறது என்றவுடன் ‘ஸ்லோ’வைக் கூட்டுவதே எம்மவர் கைவைத்தியம். அதாவது அக்சிலேற்றரை முற்றாக விட்டாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்படி அந்தப் பெரிய திருகாணியை முறுக்கிவிடுவது. எஞ்சின் நூராது, உண்மைதான். ஆனால் முதலாம் கியரில் போட்டதும் துள்ளும். அக்சிலேற்றரை விட்ட பின்னும் வேகம் உடனே இறங்காது. மழையில் நனைந்த ஃபோர் ஸ்ரீற்றில் பிறேக் பிடிக்கும்போது அது ஆபத்து. கோளாறும் அப்படியே உள்ளே இருக்கும். நாம் இதனை வைத்தியமாகவே ஏற்றுக்கொள்வதில்லை.

காபரேற்றருக்குள் பெற்றோல் இரண்டு வழிகளால் வருகிறது. வேகமாக ஓடும்போது பெரிய ஜெட் வழியாக. அக்சிலேற்றரை விட்டு நிற்கும்போது ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைக் குழாய் வழியாக. அதன் துவாரம் அரை மில்லிமீற்றரும் இல்லை. மோட்டார் சைக்கிளை இரண்டு மாதம் கொட்டிலில் விட்டால், கிண்ணத்தில் கிடக்கும் பெற்றோல் வற்றி, பிசின் போல் ஒரு படிவு முதலில் அடைப்பது இந்தத் துவாரத்தைத்தான். பெரிய ஜெட் திறந்தே இருக்கும். ஓடும்போது குறையில்லாமல் ஓடி, நின்றால் நூருவதற்குக் காரணம் இதுவே.

அடைப்புத்தானா என்று திருகாணி ஒன்றையும் தொடாமல் அறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடாகிய பின் நிறுத்தி வைத்து, சோக்கை அரைவாசி இழுத்துப் பாருங்கள். சோக் இழுத்தால் சீராக நின்று, தள்ளினால் நூருமானால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்று பொருள். ஒன்றில் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்கோ களவாகக் காற்றுப் புகுகிறது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகித் திணறினால், பிளக் கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால், பெற்றோல் கூடிப்போய்விட்டது. எயர் கிளீனர் அழுக்காகி மூச்சு முட்டுகிறதா, கிண்ணத்தில் பெற்றோலைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி தேய்ந்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

களவுக் காற்றைப் பிடிப்பதும் எளிது. பழைய சி 90, சி.ஜி. 125 இரண்டிலும் காபரேற்றர் பொருந்தும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வயது போனதும் அது தட்டையாகி வெடித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பொருத்தைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் சிறிது தெளியுங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறினால் அங்கே ஓட்டை. வளையத்தின் விலை ஒரு கோப்பித் தேநீர்க் காசு.

ஸ்லோ ஜெட்டைத் துப்புரவு செய்ய அரை நாள் போதும். பெற்றோல் குழாயைப் பூட்டி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடி திருகாணியைத் திறந்து மிச்சத்தை ஒரு தகரப் பேணியில் வடியவிட்டு, காபரேற்றரைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் துணியில் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குங்கள். ஜெட்டைச் சரியான அகலமுள்ள திருகாணிச் சாவியால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, தலை வழுகினால் பிறகு எடுப்பது பெரும்பாடு. காபரேற்றர் துப்புரவுத் திரவத்தை உள்ளே பீச்சி, சைக்கிள் பம்பால் காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்துவதை நாம் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. துவாரம் பெருத்தால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

இந்த வேலையை மாடிக் குடியிருப்பின் நடையிலோ, குசினியிலோ, ஹீற்றர் எரியும் அறையிலோ செய்ய வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிக்கொள்ளும். பிள்ளைகள் தூங்கும் வீடு. முற்றம் இல்லாதவர்கள் முற்றம் உள்ள ஒரு நண்பரிடம் போய்ச் செய்யலாம். எட்மண்டனில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல, தேநீரும் கிடைக்கும்.

மீண்டும் பூட்டிய பின் கலவைத் திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். இது ஸ்லோ திருகாணி அல்ல, அதை விடச் சிறியது. மெதுவாக உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்தி (இறுக்கினால் கூர்முனை கெடும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் பெரும்பாலான சிறிய ஹொண்டாக்களுக்கு ஆரம்பத்துக்குப் போதும். பிறகு இரண்டு மூன்று மைல் ஓடி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்து, கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் திருகி, எஞ்சின் எங்கே ஆகக் கூடிய வேகத்தில் சீராகச் சுற்றுகிறதோ அங்கே விட வேண்டும். இந்தத் திருகாணி எயர் கிளீனர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகப் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகப் பெற்றோல் குறையும். அதன் பின்னரே ஸ்லோவைத் தொட்டுச் சுற்றுவேகத்தை இறக்குவது. நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று அளவில் நின்றால் நல்லது. சுற்றுமானி இல்லாத வாகனங்களில் காதுதான் மானி. மண்ணெண்ணெய்க் காலத்தில் பழகிய காது இங்கே உதவும்.

இனி வேறு இடங்களில் நூருகிறவை. ஹேர்ட்ஃபோர்ட் றோட்டால் இரண்டு மூன்று மைல் நன்றாகப் போய், பொண்டேர்ஸ் எண்ட் அளவில் பெற்றோல் தீர்ந்தது போல் இழுத்து நின்றுவிடும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடும் என்றால் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்ற சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெற்றோல் வெளியே வராது. மழையில் மட்டும் நூருமானால் பிளக் தொப்பியையும் கம்பியையும் பாருங்கள். இருட்டில் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி கம்பியைச் சுற்றி ஓடுவது தெரியும். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். சூடு ஏற ஏற நூருவது கூடுமானால் வால்வு இடைவெளி இறுகியிருக்கக்கூடும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத அந்த இடைவெளியை எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் எவரும் கண்டிராத ஒரு கோளாறு இங்கே உண்டு. நவம்பர், டிசம்பர் விடியலில் நீர்த்தேக்கங்களின் பக்கமிருந்து ஈரப் பனிமூட்டம் மெரிடியன் வேயில் வந்து படியும். அந்த வழியால் நாலைந்து மைல் ஓடியவரின் மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்ல இழுவை குறைந்து, நின்ற இடத்தில் நூர்ந்துவிடும். பிளக்கைக் கழற்றினால் நல்ல பொறி. பெற்றோலும் வருகிறது. பத்து நிமிடம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நடந்தது என்னவென்றால், பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது காற்றில் உள்ள ஈரம் காபரேற்றருக்குள் ஐஸ் ஆகப் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. வெளியே தண்ணீர் உறையும் குளிர் இருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பாகை வெப்பமும் நல்ல ஈரப்பதமும் இருந்தாலே நடக்கும். எஞ்சின் நின்றதும் அதன் சூடு ஏறி ஐஸைக் கரைத்துவிடுகிறது. ஆகவே நின்று ஆறுங்கள், அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். இதற்கென்று பெற்றோலில் கலக்கும் திரவம் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் விற்கிறார்கள். அடிக்கடி நடந்தால் வாங்கலாம்.

பெற்றோலும் மாறிவிட்டது. 2021 செப்ரெம்பரிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோல் ‘ஈ 10’, அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்தது. எதனோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் இளக்கும். 2002க்கு முந்திய காபரேற்றர் வாகனங்கள் பலவற்றுக்கு இது ஒத்துவராமற் போகலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஐந்து வீதத்துக்கு மேற்படாத ‘ஈ 5’ சுப்பர் பெற்றோலாகக் கிடைக்கும், சில பென்ஸ் கூட. சிறிய தாங்கி என்பதால் பெரிய செலவில்லை. மாரியில் ஓடாமல் நிறுத்தி வைப்பவர்கள் கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிட்டே நிறுத்த வேண்டும்.

வாங்குமுன் ஒரு சொல். மலிவாக ஒரு பழைய சி 90 கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்காதீர்கள். 2023 ஓகஸ்ற் 29இலிருந்து எட்மண்டன் உட்பட இலண்டன் முழுவதும் யூலெஸ் வலயத்துக்குள் வந்துவிட்டது. பொதுவாக 2007 ஜூலைக்கு முன் பதிந்த மோட்டார் சைக்கிள்கள் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை, ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நாற்பது வயதைத் தாண்டிப் பழம்பொருள் வகையில் பதிந்தவற்றுக்கு விலக்கு உண்டு. இலக்கத் தகட்டைக் கொடுத்து முதலில் சோதித்துவிட்டுக் காசை எண்ணுங்கள். மூன்று வயதைத் தாண்டியதற்கு எம்.ஓ.டி. வேண்டும். சி.பி.டி. பயிற்சிச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ‘எல்’ தகட்டோடு ஓடும்வரை பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. மனைவியைக் கோவிலுக்கு ஏற்றிப் போகும் ஆசையைச் சோதனை சித்தியடையும் வரை அடக்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு விநியோகிப்பவர்கள் அதற்கென்று தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும், சாதாரணக் காப்புறுதி அதற்குச் செல்லாது.

திருத்திய வாகனத்தை ஒரு ஞாயிறு காலை ஓடிப் பார்க்க நாம் விரும்பும் வழி, எட்மண்டன் கிறீனிலிருந்து ஹேர்ட்ஃபோர்ட் றோட்டால் வடக்கே போய், ஓட்னன்ஸ் றோட்டில் வலப்பக்கம் திரும்பி என்ஃபீல்ட் லொக் வரை. ஏறக்குறைய நாலைந்து மைல். வழிநெடுகக் கலர் லைற், ஆகவே சோதனைக்கு இதை விட நல்ல வீதி இல்லை. அந்த முடிவில்தான் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1816இல் தொடங்கி 1988இல் மூடினார்கள். இப்போது அது வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்பு. ஊரில் பழைய பொலிஸ்காரர் தோளில் கொழுவிய லீ என்ஃபீல்ட் 303இன் பெயரில் பாதி இந்த இடத்தின் பெயர்.

றோயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளும் இங்கேதான் செய்தார்கள் என்று எம்மவர் பலர் சாதிப்பார்கள். இல்லை. அது பர்மிங்காமுக்குத் தெற்கே றெடிச் என்ற ஊரில் பிறந்தது. சைக்கிள் செய்த அந்தக் கம்பனிக்கு இந்தத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகம் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் 1893இல் பெயரைச் சூடிக்கொண்டார்கள். 1901இல் முதலாவது மோட்டார் சைக்கிள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1970 அளவில் உற்பத்தி நின்றுபோயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை. என்ஃபீல்ட் என்ற பெயரை உயிரோடு வைத்திருந்தது தமிழ்நாட்டுப் பட்டறை என்பதை, என்ஃபீல்ட் நகரசபைக்கு வரி கட்டும் நாம் அறிந்திருப்பது நல்லது.

ஓட்னன்ஸ் றோட்டில் என்ஃபீல்ட் லொக் நிலையத்தடியில் ரெயில் கடவை ஒன்று குறுக்கே வரும். கேற் விழுந்தால் சில நேரம் இரண்டு ரெயில் போகும்வரை திறக்காது. அவ்வளவு நேரமும் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு நிற்பது பக்கத்தில் குழந்தை வண்டியோடு நிற்பவர்களுக்கு மரியாதை அல்ல, சட்டமும் விரும்பாது. எஞ்சினை நிற்பாட்டுங்கள். கேற் எழும்பும்போது அக்சிலேற்றரைத் தொடாமல், சோக் இழுக்காமல் ஒரு உதை. சூட்டிலேயே எழும்பி, கை வைக்காமல் நின்று சுற்றுமானால் திங்கட்கிழமை அதிகாலை வேலைக்கு அதையே எடுத்துக்கொண்டு போகலாம். எழும்பாவிட்டால், நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது.